டம்மி டக்: வயிற்றைக் காப்பதாக நினைத்துச் செய்யும் தவறுகள்

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நெடுநாள் வேலை பார்த்த செவிலியருக்கு ஒரு சலிப்பு வந்துவிடும். முந்தைய மாதம் வந்துபோனவர் செய்த அதே தவறை, இந்த மாதம் வந்தவர் தாமே புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் செய்துகொண்டிருப்பார். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், கட்டை நனைக்காதீர்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன். நல்ல படிப்பும் நல்ல குடும்பத் துணையும் உள்ளவர்கள்கூடப் போய் விழுகிற குழிகளைப் பற்றித்தான் இது.

அதற்கு முன், டம்மி டக் என்னும் தொங்கும் வயிற்றைச் சீராக்கும் அறுவை சிகிச்சையில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அடிவயிற்றில் ஓர் இடுப்புப் பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீளமாகக் கீறுவார்கள். தோலையும் கொழுப்பையும் விலா எலும்புப் பக்கம் வரை பிரித்துத் தூக்குவார்கள். கர்ப்பத்தால் விலகிப்போன, வயிற்றின் முன்பக்கம் மேலிருந்து கீழாக ஓடும் நேர்த்தசைகள் இரண்டையும் நடுக்கோட்டில் நெருக்கித் தைப்பார்கள். மேல்தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுப்பார்கள். தொப்புள் இருந்த இடத்திலேயே இருக்கும். இழுத்த தோலில் அதற்கு ஒரு புதுத் துளை போடுவார்கள். முழு மயக்கத்தில், சில மணி நேரம் நடக்கும் பெரிய அறுவை சிகிச்சை இது. அழகுக்காகச் செய்வதால் சிறியது என்று நினைப்பவர்கள் மறுநாள் காலையில் என்னிடம் கோபித்துக்கொள்கிறார்கள்.

எடை குறையும் என்று வருவது

குறையாது. தொங்கும் தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பும் போகும். குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பைக் கத்தி தொடுவதே இல்லை. வயிறு முன்தள்ளியிருப்பதற்கு அதுதான் காரணம் என்றால், தையலுக்குப் பிறகும் தள்ளித்தான் நிற்கும். எடையைக் குறைத்து, சில மாதங்கள் அது ஏறாமல் இறங்காமல் நின்ற பிறகு வருவதே சரி. இன்னொரு குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். தைத்த தசையை அடுத்த கர்ப்பம் மறுபடி விலக்கிவிடலாம்.

புகைப்பதை மறைப்பது

மயக்க மருத்துவரிடம் பொய் சொல்லலாம், தோலிடம் முடியாது. பிரித்துத் தூக்கிய தோல் மிச்சமிருக்கும் ரத்த நாளங்களை நம்பித்தான் பிழைக்கிறது. நிகோடின் அவற்றைச் சுருக்குகிறது. விளைவு, தையலுக்கு மேலே தோல் கறுத்து அழுகுவது. முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரம் நிறுத்த வேண்டும். நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், மின் சிகரெட் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

தையல் பிரிந்துவிடும் என்று படுத்தே கிடப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான்.

அறுவை சிகிச்சை முடிந்த அன்று மாலையோ மறுநாள் காலையோ, நோயாளியை எழுப்பி நாலு எட்டு நடக்கச் சொல்வோம். அவர் என்னைக் கொடுமைக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். உடன் இருப்பவர்கள் இன்னும் மோசம். “பாவம் சிஸ்டர், தூங்கட்டுமே” என்று வாசலை மறித்துக்கொள்வார்கள். வார்டில் எங்கள் அதட்டலுக்குப் பயந்து நடந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போனதும் அதட்ட ஆளில்லை.

ரத்தம் நாளத்துக்குள்ளேயே உறைவதற்கு மூன்று காரணங்களை மருத்துவம் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோவின் பெயரால் அவை வழங்குகின்றன. ரத்த ஓட்டம் மந்தமாவது, நாளத்தின் சுவர் காயப்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. எந்தப் பெரிய அறுவை சிகிச்சையும் உறையும் தன்மையைக் கூட்டும். டம்மி டக்கில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. விலகிய தசையை இழுத்துத் தைத்ததும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது; கால்களிலிருந்து மேலே வரும் ரத்தத்துக்கு அது தடை. அதன்மேல் வயிற்றைச் சுற்றிக் கட்டும் ஒரு பெல்ட், மடக்கிய இடுப்பு. அழகியல் அறுவை சிகிச்சைகளிலேயே கால் நாளத்தில் ரத்தக்கட்டி வரும் அபாயத்துக்காக மிக அதிகம் கவலைப்பட வைப்பவற்றில் இது ஒன்று. காலிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளும் முக்கிய விசை கெண்டைக்கால் தசையுடையது. அந்தத் தசையைத்தான் போர்வைக்குள் சும்மா கிடக்க விடுகிறார்கள்.

ஒரு பெண்ணைச் சொல்கிறேன். தையல் பிசகே இல்லாமல் வீட்டுக்குப் போனவர். குடும்பத்தார் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை, படுக்கையிலேயே எல்லாம். சில நாளில் ஒரு கெண்டைக்கால் வலித்தது, கொஞ்சம் வீங்கியது. படுத்தே இருப்பதால் வந்த பிடிப்பு என்று முடிவு செய்து, ஆள் மாற்றி ஆள் காலை அமுக்கிவிட்டார்கள். ரத்தக்கட்டி இருக்கும் காலை அமுக்கினால் அது பெயர்ந்து மேலே போகலாம் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூச்சு வாங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி. தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு மாதக்கணக்கில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து. பிழைத்துவிட்டார். வயிற்றுத் தையல் மட்டும் பாடப் புத்தகத்தில் போடும்படி ஆறியிருந்தது. அதைப் பாராட்ட அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மெதுவாக நடப்பதால் தையல் பிரிவதில்லை. மல்லாந்த நிலையிலிருந்து வயிற்றை முறுக்கி நேராக எழுவது, கனம் தூக்குவது, மலச்சிக்கலோடு முக்குவது ஆகியவைதான் தசைத் தையலை இழுக்கும். நடக்கப் பயப்படும் அதே ஆள் இந்த மூன்றையும் தயங்காமல் செய்வார். வலி மாத்திரைகள் சில மலத்தைக் கட்டும் என்பதால், மலமிளக்கி வேண்டுமா என்று மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எழுவதற்கு முதலில் ஒருக்களித்துத் திரும்புங்கள், கால்களைக் கீழே விடுங்கள், கையை ஊன்றி உட்காருங்கள். நிமிர்ந்து நடக்க முயல வேண்டாம். முதல் ஒரு வாரமாவது கூனிக்கொண்டுதான் நடப்பீர்கள், அது சரியானதே. விழித்திருக்கும்போது அடிக்கடி எழுந்து அறைக்குள் நடந்தால் போதும். படுக்கும்போது முதுகை உயர்த்தி, முழங்காலுக்கு அடியில் தலையணை. படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டலாம். இருமல் வந்தால் வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளுங்கள்.

கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ ரத்தக்கட்டி வந்திருக்கிறதா என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட வேண்டுமா என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். தொலைவில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு உடனே நீண்ட விமானப் பயணம் போவதும் படுத்தே கிடப்பதன் இன்னொரு வடிவம்தான். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு என்றால் அன்றே காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் யாரையும் கலந்தாலோசிக்க வேண்டாம்; நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

பெல்ட்டை மூச்சுமுட்ட இறுக்குவது

இறுக்கினால் இடை சிறுக்காது.

வடிகுழாயை எடுக்கச் சொல்லி நச்சரிப்பது

தோலுக்கும் தசைக்கும் நடுவே உண்டான இடைவெளியில் நீர் ஊறும். அதை வெளியேற்றத்தான் குழாய். ஒரு நாளில் வடியும் அளவு சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். எங்களிடம் கெஞ்சுவதைவிட, அளவைத் தவறாமல் குறித்து வைத்தால் சீக்கிரம் வேலை முடியும். அவசரப்பட்டு எடுத்தால் நீர் உள்ளே தேங்கி, ஊசியால் உறிஞ்ச வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது வாரத்தில் குணமாகிவிட்டதாக நினைப்பது

வலி குறைந்திருக்கும், நிமிர்ந்திருப்பீர்கள், பீரோவை நகர்த்தத் தோன்றும். தசைத் தையல் இன்னும் உறுதிப்படவில்லை. கனம் தூக்குவதும் வயிற்றுப் பயிற்சியும் ஆறு வாரமாவது வேண்டாம். பிறகும் மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான். காலையில் தட்டையாக இருக்கும் வயிறு மாலையில் உப்புவது மாதக்கணக்கில் நீடிக்கும். அதற்குப் பயந்து இரவு பத்து மணிக்கு வார்டுக்குத் தொலைபேசி செய்ய வேண்டியதில்லை.

மரத்த வயிற்றில் வெந்நீர்ப் பை

வைக்காதீர்கள். தோலைப் பிரித்துத் தூக்கியதில் வயிறு மரத்திருக்கும். சூடு உங்களுக்குத் தெரியாது, கொப்புளம்தான் தெரியும். ஐஸ் கட்டிக்கும் இதேதான்.

தழும்பைப் பார்த்து முதல் மாதமே அழுவது

முதல் சில மாதங்களில் அது சிவந்து தடித்து, நாளுக்கு நாள் மோசமாவதுபோல இருக்கும். வெளுத்துத் தட்டையாக ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். தழும்பின் இரு ஓரங்களிலும் தோல் சிறிது கூம்பி நின்றால் உடனே மறு அறுவைக்கு நாள் கேட்காதீர்கள். சில தானாக அமுங்கிவிடும். அமுங்காததை, வீக்கம் முழுதும் வடிந்த பிறகு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சரிசெய்துவிடலாம்.