கிளாக்கோமா: எங்க வீட்ல நாங்க பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க

கிளாக்கோமான்னா கண்ணு நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போற நோய். எங்கம்மாவுக்கு அது இருக்குன்னு தெரியுறப்பவே இடது கண்ணுல ஓரப் பார்வை போயிருந்துச்சு, ஆனா போர்டுல இருக்குற எழுத்த கடைசி வரி வரைக்கும் கடகடன்னு வாசிச்சாங்க. இதான் முதல் தப்பு, கண்ணாடிக் கடையில பவர் பாத்துட்டு கண்ணு நல்லாருக்குன்னு இருந்துட்டது. பெரும்பாலும் ஓரம்தான் முதல்ல போகும், நடுப் பார்வை கடைசி வரைக்கும் நிக்கும், ஒரு கண்ணுல விட்டத இன்னொரு கண்ணு பாத்துக்கும், அதனால நமக்குத் தெரியாது. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல இடது பக்கம் வர்ற தள்ளுவண்டில எல்லாம் இடிச்சுக்குவாங்க, தள்ளுறவங்களத்தான் திட்டுவாங்க, நாங்களும் கூட சேந்து திட்டிருக்கோம்.

அப்புறம் பிரஷர். பிரஷர்னதும் "அதுக்குத்தான் மாத்திரை போடுறேனே"ன்னு சொல்ற ஆண்ட்டிங்க எத்தனையோ பேரு, அது ரத்தக் கொதிப்பு, இது கண்ணுக்குள்ள இருக்குற அழுத்தம், வேற வேற. கண்ணழுத்தம் 10லேர்ந்து 21 mmHg வரைக்கும் நார்மல்னு சொல்வாங்க, ஆனா 21க்குக் கீழ இருந்தும் நரம்பு கெடுறது உண்டு, நம்ம ஆசியாக்காரங்களுக்கு அது சகஜம். நம்பர் நல்லாருக்குன்னு அப்பாயின்ட்மென்ட்ட தள்ளிப் போடாதீங்க, நரம்ப ஸ்கேன் பண்ணனும், வெளிச்சம் தெரிஞ்சா பட்டன் அமுக்குற டெஸ்டும் எடுக்கணும்.

பெரிய கூத்து சொட்டு மருந்துலதான். "விட்டும் பார்வை தெளியலயே"ன்னு அம்மா பாதி நாள் விடவே மாட்டாங்க. தெளியாதுங்க, கண்ணு நரம்புல சுமார் 12 லட்சம் இழை இருக்கு, செத்தது செத்ததுதான், மிச்சத்தக் காப்பாத்தத்தான் மருந்து. விடுற நாள்லயும் மூணு சொட்டு விட்டு பாதி கன்னத்துல வழியும், ஒடனே படபடன்னு சிமிட்டுவாங்க. ஒரு சொட்டு போதும், கீழ் இமைய இழுத்து விட்டுட்டு கண்ண மூடி மூக்கோரத்துல ரெண்டு நிமிஷம் விரலால அமுக்கிக்கணும், இல்லாட்டி தொண்டைக்கு இறங்கி ரத்தத்துல கலந்துடும். டிமோலால் மாதிரி சொட்டு மருந்து ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆபத்து, டாக்டர்ட்ட மறைக்காதீங்க. ரெண்டு மருந்துன்னா அஞ்சு நிமிஷம் கேப் விடணும்.

அம்மாவோட சொட்டு மருந்து லட்டானோப்ராஸ்ட், அந்த பாட்டில திறந்தா பொதுவா 4 வாரந்தான், அதுக்கு மேல இருந்தா தூக்கிப் போடணும். எங்க ஃபிரிட்ஜ்ல தீபாவளிக்குத் திறந்தது பொங்கலுக்கும் இருந்துச்சு! தினம் ரெண்டு கண்ணுக்கும் விட்டிருந்தா 2.5 மில்லி அவ்ளோ நாள் வருமா? அப்பதான் புரிஞ்சுது எத்தனை நாள் விடலன்னு. இப்ப பாட்டில் மேலயே திறந்த தேதிய மார்க்கர்ல எழுதிடுறோம்.

கண்ணு செவந்தா ஊர்லேர்ந்து கொண்டு வந்த சொட்ட விடாதீங்க, அதுல ஸ்டீராய்டு இருந்தா அழுத்தம் ஏறிடும். சிரசாசனமும் வேணாம். திடீர்னு கண்ணு வலி, வாந்தி, லைட்ட சுத்தி வானவில் வளையம்னு வந்தா கேஸ்டிரிக்னு படுத்துடாதீங்க, அன்னிக்கு ராத்திரியே எமர்ஜென்சிக்கு ஓடணும்.

கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்களுக்கும் வர்ற வாய்ப்பு அதிகம், அதனால நான் செக் பண்ணிட்டேன். அண்ணனுக்கு 46, இன்னும் "அடுத்த மாசம்"னு சொல்லிட்டிருக்காரு.