நிதியும் களமும் தெரிந்த அதிகாரி: பெரும்பண்ணைகள் ஆள் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிர் வைக்கும் நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்கும் களத்துக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடும். களத்தில் இருப்பவர்கள் பணம் கேட்டுக்கொண்டே இருப்பதாகக் கணக்குப் பிரிவுக்குப் படும். மழையும் மண்ணும் தெரியாமல் கணக்குப் பிரிவு கேள்வி கேட்பதாகக் களத்தில் இருப்பவர்களுக்குப் படும். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஓர் உயர் அதிகாரியை எடுப்பது நல்ல முடிவு. அப்படி வந்தவர் ஓராண்டில் வெளியேறினால், பெரும்பாலும் எடுத்த விதத்தில்தான் கோளாறு.

தொழிற்சாலை நிதி அனுபவம் போதும் என்று நினைப்பது முதல் தவறு. அங்கே மாதக் கணக்கைப் பார்த்தாலே நிலைமை ஓரளவு புரிந்துவிடும். பண்ணையில் அப்படியில்லை. மழை பதினைந்து நாள் முந்தினால் அடுத்த மாத உரச் செலவு இந்த மாதமே வந்து விழும். ஏட்டில் பட்ஜெட் மீறல். வயலில் சரியான வேலை. எண்ணெய்ப்பனை காய்க்க ஏறக்குறைய மூன்று ஆண்டு, ரப்பரில் பால் வெட்ட ஆறேழு ஆண்டு பொறுக்க வேண்டும்.

கணக்கியல் விதியும் வேறு. சர்வதேசக் கணக்கியல் தரம் 41, வளரும் பயிரையும் கால்நடையையும் விற்பனைச் செலவு போக நியாய மதிப்பில், அதாவது இன்று விற்றால் கிடைக்கும் விலையில், காட்டச் சொல்கிறது. ரப்பர், தேயிலை போல ஆண்டுக்கணக்கில் பலன் தரும் செடிகளை மட்டும் 2016 முதல் இயந்திரம், கட்டடம் போலத் தேய்மானத்தோடு வைக்கிறார்கள். அவற்றில் விளைந்து நிற்கும் பலன் மறுபடி 41-க்குள் வரும். அதனால் விற்பனையே நடக்காமல் ஏட்டில் லாபம் ஏறலாம். வங்கியில் பணம் இருக்காது. இதை இயக்குநர்களுக்கு எளிதாகச் சொல்லத் தெரியாதவர் இந்த வேலைக்குச் சரிவர மாட்டார்.

பத்து வருடம் பண்ணையிலேயே இருக்கும் மேலாளரைப் பரிசீலிக்காமல் விடுவதும் தவறு. பயிர் பார்க்கும் கண்ணைத் தருவதைவிட, நிதி அறிக்கை படிக்கச் சொல்லித்தருவது எளிது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், நேர்காணல். தலைமைப் பண்பு, தொலைநோக்கு என்று ஒரு மணி நேரம் பேசி முடித்துவிடுகிறார்கள். நான் என்றால் ஒரு கணக்குக் கொடுப்பேன். 20 சதவீத ஈரப்பதத்தில் 1,000 டன் மக்காச்சோளம் எடைமேடை தாண்டி வந்தது. 14 சதவீதத்துக்கு உலர்த்தியபின் கிடங்கில் 915 டன் இருக்கிறது. 85 டன் எங்கே? ஏடு மட்டும் தெரிந்தவர் திருட்டு என்பார். களம் மட்டும் தெரிந்தவர், காய்ந்தால் குறையத்தானே செய்யும் என்பார். நமக்கு வேண்டியவர் பேனாவை எடுப்பார். நீர் போக 800 டன். அது 86 சதவீதம் என்றால் மொத்தம் சுமார் 930 டன். ஆக 70 டன் ஆவியாகப் போன நீர், மீதி 15 டன்னுக்குத்தான் பதில் வேண்டும். தூசி, உடைசல், ஈரமானியின் பிழை, எடைமேடையின் பிழை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களைச் சந்தேகிப்பார்.

பதவி கொடுத்து அதிகாரம் கொடுக்காமல் விடுவதும் நிறையவே நடக்கிறது. எந்தத் தொகை வரை அவர் கையெழுத்தே போதும், பண்ணை மேலாளரும் அவரும் முரண்பட்டால் யார் சொல்வது நிற்கும் என்பதை விளம்பரம் கொடுக்கும் முன்பே எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, செலவுக் குறைப்பை வைத்து போனஸ் நிர்ணயிப்பது. அறுவடை இயந்திரத்தின் ஓவர்ஹாலைத் தள்ளிப்போட்டால் அந்தக் காலாண்டுச் செலவு குறையும், போனஸும் கைக்கு வரும். அறுவடையின் மூன்றாம் நாள் ஒரு பேரிங் இறுகி இயந்திரம் நின்றுபோகும். கதிர் முற்றி நிற்கிறது, மேகம் கட்டுகிறது, உதிரிபாகம் வர இரண்டு நாள். உதிர்ந்த மணியும், நனைந்து நிறம் மங்கிய மணியும் எந்தச் செலவுத் தலைப்பிலும் ஏறாது. ஏக்கருக்கு எவ்வளவு செலவு என்பதோடு நிறுத்தாமல், விற்கத்தக்க ஒரு டன்னுக்கு எவ்வளவு ஆனது என்று பாருங்கள். போனஸில் ஒரு பங்கை அறுவடைக் கணக்கு முடியும்வரை நிறுத்தி வைக்கலாம்.

சேரும் நாளையும் யோசிக்க வேண்டும். அறுவடை நடுவில் வந்தவருக்கு உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரமிருக்காது. விதை, உரம், டீசலுக்கு பட்ஜெட் போடும் முன்பே வரட்டும். முதல் இரண்டு வாரம் பட்டறையிலும் எடைமேடையிலும் நிற்கட்டும். விதைப்பிலிருந்து கடைசி லாரிக்குப் பணம் வந்து சேரும்வரை ஒரு முழுச் சுற்று பார்த்த பிறகு அவர் வேலையை மதிப்பிடுங்கள்.