மாஸ்டர் எத்தனையாவது டான்? கராத்தே வகுப்பில் சேருமுன் நடக்கும் தவறுகள்

பிள்ளையைக் கராத்தேயில் சேர்க்க நினைக்கும் பெற்றோரின் கண் முதலில் போவது விளம்பரப் பலகையில் உள்ள டான் எண்ணுக்குத்தான், அதாவது கறுப்புப் பட்டையில் (பிளாக் பெல்ட்) எத்தனையாவது படி என்பதற்குத்தான். ஏழாவது டான் மாஸ்டர் மூன்றாவது டான்காரரைவிடப் பெரியவர் என்று அங்கேயே முடிவாகிவிடுகிறது. கராத்தேயில் டான் கொடுக்கும் அதிகாரம் ஒரே இடத்தில் இல்லை. ஷோடோகான், கோஜு-ரியு, ஷிட்டோ-ரியு, வாடோ-ரியு என்று பிரிவுகள் பல. ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிச் சங்கங்கள். ஒரு சங்கத்தின் மூன்றாவது டான் இன்னொன்றின் ஐந்தாவது டானைவிடக் கடினமாக இருக்கலாம்.

ஆகவே எண்ணை விட்டுவிட்டுச் சான்றிதழைக் கேளுங்கள். தேர்வு எடுத்தது யார், எந்தச் சங்கம், எந்த ஆண்டு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். டான்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பார்த்தாலே பாதி குட்டு வெளிப்பட்டுவிடும். டேக்வாண்டோவில் இது எளிது. கொரியாவில் உள்ள டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோனின் விதிப்படி முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு 1 ஆண்டு, அடுத்ததற்கு 2, பிறகு 3, 4, 5, 6 என்று காத்திருப்பு கூடிக்கொண்டே போகும். ஏழாவது டானை எட்ட 21 ஆண்டுகள். 15 வயதில் முதல் டான் வாங்கியவருக்கும் அப்போது 36 ஆகியிருக்கும். 28 வயதில் ஏழாவது டான் என்று பலகை சொன்னால் அது குக்கிவோன் டான் அல்ல. கராத்தேயில் பொதுவிதி கிடையாது என்றாலும் ஒழுங்கான சங்கங்களில் டான் ஏற ஏற இடைவெளியும் நீளும். நான்காவது டானில் நின்றவர் சங்கம் மாறிய மறு ஆண்டே ஏழாவதாகி நின்றால் காரணத்தைக் கேட்டுவிடுங்கள்.

பரம்பரை விஷயத்தில் நம் ஊருக்கே உரிய தவறு ஒன்று உண்டு: 'காஞ்சிபுரத்துப் போதிதர்மர் வழி வந்த கலை' என்ற வாசகத்தில் மயங்குவது. போதிதர்மரையும் சண்டைப் பயிற்சியையும் இணைக்கும் கதைக்கு 17ஆம் நூற்றாண்டில் சீனாவில் எழுதப்பட்ட ஒரு நூலே வேர். அவர் வாழ்ந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் அதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கராத்தேக்குப் பெயர் பெயராகக் காட்டக்கூடிய குருவரிசை ஜப்பானின் ஒகினாவா தீவில்தான் இருக்கிறது. டான் முறை அதைவிடப் புதிது. ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ 1883இல் தொடங்கியது அது. ஷோடோகான் பிரிவின் நிறுவனர் ஃபுனகோஷி அதைக் கராத்தேக்கு எடுத்துக்கொண்டது 1924இல். 'பல நூற்றாண்டு டான் பாரம்பரியம்' என்று எவராவது சொன்னால் புன்னகைத்துவிட்டு அடுத்த வகுப்பைப் பார்க்கலாம்.

அதற்காகப் பரம்பரையே வேண்டாம் என்று தள்ளுவதும் பிழை. மாஸ்டருக்குப் பட்டை கட்டியவர் யார், அவருக்குக் கட்டியவர் யார் என்று இரண்டு தலைமுறை தெரிந்தால் போதும். தரையில் மல்லுக்கட்டும் கலையான பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் இது கூடுதலாகப் பொருள்படும்; அங்கே பட்டை ஆசிரியர் கையிலிருந்து மாணவருக்குப் போவதால், கறுப்புப் பட்டைக்காரர் தன் ஆசிரியர் பெயரைச் சொல்லத் தயங்க மாட்டார். ஆனால் பரம்பரை சொல்வது மாஸ்டர் யாரிடம் கற்றார் என்பதை மட்டுமே. அவருக்குக் கற்பிக்க வருமா என்று எந்தச் சான்றிதழும் சொல்லாது.

அதைப் பார்க்க ஒரு முழு வகுப்பு உட்கார வேண்டும். சேர்க்கைக்கு முன் வேடிக்கை பார்க்க அனுமதிக்காத இடம் வேண்டாம். பலகையில் பெயர் உள்ளவர்தான் கற்றுத்தருகிறாரா, பழுப்புப் பட்டைப் பையன் நாற்பது பேரை மேய்க்கிறானா என்று பாருங்கள். தூக்கி வீசும் பயிற்சிக்கு முன் விழக் கற்றுத்தருகிறார்களா, மெத்தை இருக்கிறதா என்பது அடுத்தது. சிமெண்ட் தரையில் முஷ்டியை ஊன்றி எடுக்கும் தண்டாலும் முழங்காலை முழுதாக மடக்கி வாத்துநடையும் குழந்தைகளுக்கு ஆகாது. ஓடு உடைக்க வைப்பது அதைவிட மோசம்: விரல் எலும்பின் வளர்ச்சித் தட்டு பதின்பருவத்தின் பிற்பாதிவரை மூடாது, அங்கே அடிபட்டால் விரல் கோணலாக வளரலாம். தனியார் 'உலக சாதனை' நிகழ்ச்சிக்குப் பணம் கேட்கும் இடத்தில் இந்த ஓடு உடைப்பும் அடிக்கடி கூடவே வரும்.

எட்டு வயதில் பிளாக் பெல்ட் என்ற பெருமையிலும் கவனம் தேவை. டேக்வாண்டோவில் 15 வயதுக்கு உட்பட்டவருக்குக் கிடைப்பது சிறுவர்களுக்கான படியான 'பூம்', டான் அல்ல. பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐபிஜேஜேஎஃப் 19 வயதுக்கு முன் கறுப்புப் பட்டையே தருவதில்லை. கராத்தேயில் ஜூனியர் பிளாக் பெல்ட் என்றால், பெரியவரானதும் மறுதேர்வு உண்டா என்று கேளுங்கள்.

பெல்ட் சான்றிதழை விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் காட்டலாம் என்று சொல்லிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒதுக்கீட்டில் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட போட்டிகளில் பங்கேற்றதையும் வென்றதையும்தான். பட்டையின் நிறத்தை அல்ல.

கடைசியாகப் பணம். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுச் சேர்வதால்தான் பின்னால் சண்டை வருகிறது. வெள்ளையிலிருந்து கறுப்புவரை பத்துத் தேர்வு, மூன்று மாதத்துக்கு ஒன்று என்று வைத்தால் இரண்டரை ஆண்டு. ஒவ்வொரு தேர்வுக்கும் கட்டணம், பட்டை, சான்றிதழ், முகாம் என்று தனித்தனிச் செலவு. மொத்தத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். தேர்வில் தோற்றவர் உண்டா, தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு என்றும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.