மேலே போட்ட லாக் கீழே இறங்கவில்லை

மதுரை கீழமாசி வீதியில் எங்கள் மளிகை மொத்தக் கடை. கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகும் பையன்களிடம் 12 ஆண்ட்ராய்டு போன்கள். போன மாதம் ஒன்று மாட்டுத்தாவணியில் தொலைந்தது.

"லாக் போட்டிருந்தியாடா?"

"இல்லண்ணே, பில் போடுறப்ப இடைஞ்சலா இருந்துச்சு."

தூக்கிவாரிப் போட்டது. ஆபீஸ் கூகுள் கணக்குகளையும் போன்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கூகுள் அட்மின் கன்சோலில், போனைத் திறக்க 6 இலக்க பின் கட்டாயம் என்று வைத்ததே நான்தான்! முதல் வேலையாக அங்கிருந்தே போனில் இருப்பதை அழிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். கன்சோலில் போன்களுக்கு 'அட்வான்ஸ்டு மேனேஜ்மென்ட்' என்ற கூடுதல் கட்டுப்பாட்டு வசதி இருந்ததால் முழுப் போனையும் அழிக்க முடிந்தது. சாதாரண 'பேசிக்' வசதி என்றால் ஆபீஸ் கணக்கை மட்டும்தான் எடுக்கலாம். எதுவானாலும் போன் நெட்டுக்கு வந்தால்தான். சாயங்காலம் வந்தது, அழிந்தது.

அப்புறம் நோண்டினேன். மொத்தக் கம்பெனிக்குமான மேல்மட்டத்தில் பின் விதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் கீழே, லைன் பையன்கள் இருக்கும் 'சேல்ஸ்' பிரிவில் ஏதோ சோதனைக்காக அதை நானே தனியாக மாற்றி, மறந்தும் போயிருக்கிறேன். அப்படி மாற்றிய பிரிவுக்கு, மேலே அந்த விதியில் என்ன திருத்தினாலும் போய்ச் சேராது. பிரிவுக்குள் போய் 'இன்ஹெரிட்', அதாவது மேலே உள்ள விதியையே எடுத்துக்கொள் என்று கொடுத்தேன். போன்கள் கன்சோலோடு அடுத்து சிங்க் ஆனபோது மிச்சம் 11 போனும் பின் கேட்டன.

"123456 வைக்கலாமாண்ணே?" என்கிறான் தொலைத்தவன்.