ரிதம் கேம் செய்கிறீர்களா? முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள்

பாட்டின் தாளத்துக்குத் திரையில் தட்டி ஆடுவதுதான் ரிதம் கேம். அதைச் செய்யும்போது பலரும் முதலில் கிராபிக்ஸில் இறங்கிவிடுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: நோட்டுகளை, அதாவது தாளத்தோடு தட்டவேண்டிய திரைக் குறிகளை, நகர்த்துவது எந்தக் கடிகாரம்? ஃபிரேம்களை (திரையில் அடுத்தடுத்து வரையப்படும் படங்களை) எண்ணி நகர்த்தினால், போன் ஒருமுறை திணறியதும் பாட்டு ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம். ஒலி இப்போது எந்த இடத்தில் ஓடுகிறதோ, அதை வைத்தே நோட்டின் இடத்தைக் கணக்கிடுங்கள்.

அப்புறம் தாமதம். ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி 200 மில்லிசெகண்ட்கூடப் பிந்தலாம். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தாள அடி) பாட்டில் அடிக்கு அடி இடைவெளியே 500 மில்லிசெகண்ட்தான். அதனால் முதல் பாட்டுக்கு முன்பே, வெறும் டிக் சத்தத்துக்குத் தட்டச் சொல்லி, சராசரியாக எவ்வளவு பிந்துகிறதோ அதைக் கழித்துவிடுங்கள். இதை செட்டிங்ஸில் புதைத்தால் யாரும் தேடமாட்டார்கள், கேமைத்தான் திட்டுவார்கள்.

பாட்டில் சத்தமே இல்லாத இடத்தில் கஷ்டத்துக்காக நோட்டைத் திணிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. டிரம்ஸோ குரலோ, ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்கள்.