டயலிசிஸ் கையை லயத்து வீட்டில் பேணும் முறை

தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ டயலிசிஸுக்காக, அதாவது சிறுநீரகம் செய்யவேண்டிய இரத்தச் சுத்திகரிப்பை இயந்திரத்தில் செய்துகொள்ள, போய்வரும் ஒருவருக்கு, இயந்திரத்தைவிட அவருடைய முன்கையே முக்கியம். இயந்திரம் பழுதானால் இன்னொன்றில் போடலாம். பிஸ்டியூலா (டயலிசிஸ் ஊசி போடுவதற்காக நாடியையும் நாளத்தையும் இணைத்த இடம்) போட்ட கை அடைத்துக்கொண்டால் மறுபடியும் சத்திரசிகிச்சை, மறுபடியும் காத்திருப்பு.

1943இல் நெதர்லாந்தின் காம்பென் நகரில் வில்லெம் கோல்ஃப் என்ற வைத்தியர் டயலிசிஸ் இயந்திரத்தைச் செய்துவிட்டார் என்றாலும், ஒவ்வொரு முறையும் புதிதாகக் குருதிக்குழாயொன்றை வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், சில தடவைகளுக்குள் நோயாளியின் உடம்பில் வெட்டக்கூடிய குருதிக்குழாய்கள் தீர்ந்துவிடும். 1960இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற வைத்தியர் கையில் நிரந்தரமாக நிற்கும் டெஃப்லான் குழாயைப் பொருத்தினார். நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளும் பிழைக்க அதுவே வழி திறந்தது. ஆனால் தோலுக்கு வெளியே நின்ற அந்தக் குழாயில் கிருமி தொற்றியது, இரத்தம் உறைந்தது. 1966இல் நியூயோர்க்கைச் சேர்ந்த பிரெஸ்சியாவும் சிமினோவும் அவர்களுடைய குழுவினரும், மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் நேரே இணைத்துவிடும் முறையை வெளியிட்டார்கள். நாடியின் இரத்தம் வேகமாகப் பாய்வதால் நாளம் தடித்து, ஊசி ஏற்கும் அளவுக்கு முதிர்கிறது. அதற்குக் குறைந்தது ஆறு வாரமாவது ஆகும். இன்றைக்கு உங்கள் கையிலோ உங்கள் வீட்டுக்காரர் கையிலோ இருக்கும் பிஸ்டியூலா அதுதான்.

காலையில் எழுந்தவுடனும் இரவு படுக்குமுன்னும், மறு கையின் மூன்று விரல்களைத் தழும்பின்மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள். மடியில் உறங்கும் பூனை குர்குர் என்பதுபோல ஓயாத அதிர்வு தெரிய வேண்டும். காதை வைத்தால் இரைச்சல் கேட்க வேண்டும். பனிக்காலத்தில் விரல் விறைத்திருந்தால் அதிர்வு பிடிபடாது என்பதால், முதலில் விரல்களை உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அதன்பின்னும் அதிர்வு இல்லையென்றால், அல்லது வெறும் நாடித்துடிப்பு மட்டுமே தெரிந்தால், அடுத்த முறை டயலிசிஸுக்குப் போகும் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சீக்கிரம் போனால் உறைகட்டியை அகற்ற வழியிருக்கலாம்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ இரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. தோட்டத்து மருந்தகத்தில் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். கொழுந்துக் கூடை, விறகுக் கட்டு, தண்ணீர்க்குடம் எதுவும் அந்தக் கையால் தூக்கலாகாது. பஸ்ஸில் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு நிற்பதும் தலைக்கு அந்தக் கையை வைத்துப் படுப்பதும் கெடுதல். இறுக்கமான கைப்பட்டியுள்ள கம்பளிச் சட்டையும் வேண்டாம். தோட்டத் திருவிழாவில் காப்புக் கட்டுவதானால் மறு கையை நீட்டுங்கள், அம்மன் கோபிக்கமாட்டாள்.

தேயிலை மலையில் அட்டையையும் கவனிக்க வேண்டும். 1913இல் அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஏபலும் கூட்டாளிகளும் நாய்களில் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் சோதித்தபோது, இரத்தம் உறையாதிருக்க அட்டையிலிருந்து எடுத்த ஹிருடின் என்ற பொருளையே பயன்படுத்தினார்கள். இன்று அதற்கு ஹெபரின் என்ற மருந்து இருக்கிறது. டயலிசிஸில் ஹெபரின் ஏற்றிக்கொண்டு வந்தவரை அன்று மாலை அட்டை கடித்தால் இரத்தம் நிற்கத் தாமதமாகும். ஆகவே அன்று புல்வெளிப் பாதையைத் தவிர்ப்பது நல்லது.

ஊசி போடுமுன் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் வலி குறைவு என்று பலர் அதையே கேட்கிறார்கள். ஆனால் மீண்டும் மீண்டும் அதே பகுதியில் குத்தக் குத்த நாளம் மெலிந்து பை போல் வீங்கும். பழக்கமான தாதி இடம் மாற்றிக் குத்தினால் மறுக்காதீர்கள், அவர் மாற்றாவிட்டால் "மிஸ், இடத்த மாத்திப் போடுங்க" என்று கேட்பதில் தவறில்லை. வீங்கிய இடத்தின் தோல் மெலிந்து பளபளத்தாலோ, ஆறாத பொருக்கு இருந்தாலோ, சிவந்து சுட்டாலோ உடனே காட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் ஊசித்துளை கசிந்தால், சுத்தமான பஞ்சுத்துணியை வைத்து இரு விரலால் துளையின்மேலேயே அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். இடையிடையே எடுத்துப் பார்க்காமல் பதினைந்து நிமிடம் அழுத்துங்கள். கையைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், அது பிஸ்டியூலாவையே அடைத்துவிடும். பீறிட்டால் காத்திருக்கவே கூடாது: ஒருவர் அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்க வேண்டும், மூன்றாமவர் டோர்ச்சுடன் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கி நிற்க வேண்டும்.