அல்ட்ராசவுண்ட் புரோபை மாதம் ஒரு முறை நீங்களே சோதிப்பது எப்படி?

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. சில வருடங்களுக்கு முன் ஒரு பாட்டியின் பித்தப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் மேலிருந்து கீழாக மங்கலாக ஒரு கருங்கோடு தெரிந்தது. விலா எலும்பின் நிழல் என்று நினைத்துப் புரோபை, அதாவது உடம்பில் வைத்துப் படம் எடுக்கும் கைப்பிடிக் கருவியை, நகர்த்தினேன். கோடும் கூடவே நகர்ந்தது. எலும்பின் நிழல் என்றால் எலும்போடு நின்றிருக்கும். அதற்கு முன் எத்தனை பேருக்கு அந்தக் கோட்டோடு படம் எடுத்தேனோ என்ற கவலை எனக்கு இன்னும் உண்டு. பழுது மெல்ல மெல்ல வரும்போது கண் அதற்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் இந்தச் சோதனை.

முதல் வேலை, கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. புரோபை நல்ல வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸில் (உடம்பைத் தொடும் முகப்பில்) வெடிப்பு, உப்பல், ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கேபிள் புரோபோடு சேரும் இடம்தான் சீக்கிரம் கிழியும். வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கு அந்தப் புரோபை யார் உடம்பிலும் வைக்க வேண்டாம். ஜெல் உள்ளே கசிந்தால் மின்கசிவு வரலாம், கிருமியும் தங்கும்.

அடுத்தது காற்றுச் சோதனை. இதில் அவசரப்படாதீர்கள். புரோபை நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். ஒரு துளி ஜெல் மிஞ்சினாலும் படம் ஏமாற்றும். படத்தை மெருகேற்றும் ஹார்மோனிக், காம்பவுண்டிங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஆழத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிஜிசி பொத்தான்கள் எல்லாம் நடுவில் இருக்கட்டும். ஃபோகஸை (படம் கூர்மையாகும் ஆழத்தை) மேலே கொண்டு வாருங்கள். இந்த அமைப்பை ஒரு பெயரில் சேமித்து வைத்தால் ஒவ்வொரு மாதமும் அதையே எடுக்கலாம். புரோபைச் சும்மா காற்றில் பிடியுங்கள். ஒலி காற்றுக்குள் போக முடியாமல் லென்ஸுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதுவதால், திரையின் மேல்பகுதியில் அடுக்கடுக்காக வெள்ளைப் பட்டைகள் வரும். வளைந்த புரோபில் பட்டைகளும் வளைந்திருக்கும்.

பட்டைகள் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை ஒரே சீராக இருக்கின்றனவா? நடுவில் எங்காவது செங்குத்தாக இருண்ட கீற்று தெரிந்தால், அங்கே உள்ள எலிமென்ட்டுகள் (ஒலியை அனுப்பி வாங்கும் சின்னத் துண்டுகள்) செத்திருக்கலாம். கடைசியாகத் தெரியும் பட்டை எத்தனை மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, படத்தைச் சேமியுங்கள். புரோப் புதிதாக வந்த நாளில் எடுத்த படம் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால் இன்று எடுப்பதே முதல் படம்.

சந்தேகம் இருந்தால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, லென்ஸில் கொஞ்சம் ஜெல் தடவி, கம்பியைக் குறுக்கே படுக்க வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நகர்த்துங்கள். கீறிவிடாதீர்கள். கம்பிக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு கூடவே வரும். அது மங்கும் இடத்தில்தான் கோளாறு. இதய ஸ்கேன் புரோபில் எல்லா எலிமென்ட்டும் சேர்ந்தே படம் வரைவதால், செத்த எலிமென்ட் இப்படிக் கீற்றாகத் தெரியாது.

கீற்று தெரிந்தால் உடனே புரோபைக் குறை சொல்லாமல், மெஷினில் வேறு போர்ட்டில் (கேபிள் செருகும் இடத்தில்) மாட்டிப் பாருங்கள். கீற்று அங்கேயும் வந்தால் புரோப்தான். மறைந்துவிட்டால் பழைய போர்ட்டில் கோளாறு. இது தெரிந்தால் பழுதுபார்க்க வருபவருக்குப் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அளவு சரியா என்று பார்க்க ஃபாண்டம் வேண்டும்; உடம்பைப் போல ஒலியைக் கடத்தும், உள்ளே தூரம் தெரிந்த குறிகள் உள்ள சோதனைக் கட்டி அது. வாளித் தண்ணீரில் நூல் கட்டி அளந்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள், நம்பாதீர்கள். கருவி உடம்பில் ஒலியின் வேகத்தை விநாடிக்கு 1540 மீட்டர் என்று வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. 20 டிகிரி தண்ணீரில் அது சுமார் 1480தான். 10 செ.மீ. ஆழத்தைக் கருவி 10.4 என்று காட்டும். ஃபாண்டத்தில் செங்குத்தாக 10 செ.மீ. அளந்து 1.5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பயோமெடிக்கல் ஆட்களைக் கூப்பிடுங்கள். குழந்தையின் தொடை எலும்பையும் இதே கருவியில்தான் அளக்கிறோம்.

லோட் ஷெடிங் மின்வெட்டில் மெஷின் திடீரென்று அணைந்த நாளில், கரண்ட் வந்ததும் முதல் நோயாளிக்கு முன் காற்றுச் சோதனையை மட்டுமாவது செய்துவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும்.

தேதி, புரோபின் சீரியல் எண், பட்டையின் ஆழம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பழுதான புரோபின் கேபிளில் 'பயன்படுத்த வேண்டாம்' என்று சீட்டுக் கட்டி அலமாரியில் பூட்டிவிடுங்கள். மேசையிலேயே விட்டால், மறுநாள் காலை வேறு யாராவது அதை எடுத்து மாட்டிவிடுவார்கள்.